குளிர்ப்பகுதித் தோட்டத்தில் முன்கோடைப் பூக்கள்: ஆகஸ்டில் தொடங்கும் வேலைக்கு முழுமையான வழிகாட்டி

டூலிப்பும் டஃபோடிலும் ஓய்ந்த பிறகு, எக்கினேசியாவும் ஃப்ளாக்ஸும் தொடங்குவதற்கு முன், நடுவில் ஐந்தாறு வாரங்கள் உண்டு. மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். பியோனி, ஐரிஸ், ஓரியண்டல் பாப்பி, லூபின், டெல்ஃபினியம், காலம்பைன், கேட்மின்ட் எல்லாம் பூக்கும் காலம் அதுதான். கடுங்குளிர் உள்ள ஊர்களில் தோட்டம் மிக அழகாக இருப்பதும் அப்போதுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஜூனில் நர்சரிக்குப் போய், பூத்து நிற்கும் செடியை வாங்கி வந்து நடுகிறார்கள். அந்தப் பூ ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடுகிறது. அடுத்த ஜூனில் வெறும் இலைதான். செடியிடம் குறை எதுவும் இல்லை, வேலை தொடங்கிய நேரம்தான் தவறு. பியோனியின் அடுத்த வருடக் கண்கள், அதாவது வேரில் இருக்கும் தளிர்மொட்டுகள், கோடையின் பிற்பகுதியிலேயே மண்ணுக்கடியில் உருவாகிவிடுகின்றன. ஐரிஸ் கிழங்கும் பாப்பி வேரும் நல்லபடியாக இடம் மாறுவது கோடை முடியும் வேளையில். அதனால் இந்த வழிகாட்டி ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஜூலையில் முடிகிறது. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் எல்லா மாதங்களையும் ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் இடத்தின் குளிர் மண்டலமும் உறைபனித் தேதிகளும்

செடி வாங்கும் முன் இரண்டு விவரங்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது குளிர் மண்டல எண். அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு, ஓர் இடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை வைத்து வகுக்கப்பட்டது. மண்டலம் 3 என்றால் −40 முதல் −34 டிகிரி செல்சியஸ் வரை. மண்டலம் 4 என்றால் −34 முதல் −29 வரை. மண்டலம் 5 என்றால் −29 முதல் −23 வரை. கனடா தன் வரைபடத்தில் பனியின் ஆழம், மழை, உறைபனியில்லாத நாட்கள் போன்றவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே ஊருக்கு இரண்டு கணக்கிலும் வேறு வேறு எண் வரலாம் என்பதால், செடிச் சீட்டில் இருப்பது எந்தக் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த எண் குளிர்காலக் குளிரைப் பற்றி மட்டுமே சொல்கிறது. மண் ஈரமாக நிற்குமா, பனிப்போர்வை இருக்குமா என்பதெல்லாம் அதில் கிடையாது. தொட்டியில் வளர்ப்பதாக இருந்தால் உங்கள் மண்டலத்தைவிட இரண்டு எண் அதிகக் குளிர் தாங்கும் செடியாகத் தேடுங்கள். தொட்டி மண்ணைச் சுற்றிலும் காற்று குளிர்விப்பதால் வேர் சீக்கிரம் உறைந்துபோகும்.

இரண்டாவது விவரம், இலையுதிர் காலத்தின் முதல் உறைபனியும் வசந்தத்தின் கடைசி உறைபனியும் உங்கள் ஊரில் வழக்கமாக எப்போது வருகின்றன என்பது. கீழே சொல்லும் எல்லா நாட்கணக்கும் இந்த இரண்டையும் ஒட்டியே நகரும்.

2. இடம்: வெயிலையும் வடிகாலையும் சோதித்துப் பாருங்கள்

இந்தச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். அதை மரங்கள் இலையோடு நிற்கும்போது கணக்கிடுங்கள். ஏப்ரலில் பளிச்சென்று வெயில் விழும் இடம், ஜூனில் மேப்பிள் மரத்தின் நிழலுக்குள் போயிருக்கும். ஆகஸ்டில் வேலையைத் தொடங்குவதில் இது ஒரு வசதி.

அடுத்தது வடிகால். குளிர்ப்பகுதிகளில் பல்லாண்டுச் செடிகள் சாவதற்குக் குளிரைவிட, குளிர்காலத்தில் தேங்கும் ஈரமே பெரும்பாலும் காரணம். மேல்மண் இளகி அடிமண் உறைந்தே இருக்கும் நாட்களில், உருகிய பனிநீர் கீழே போக வழியின்றி வேரைச் சுற்றி நிற்கிறது. கிழங்கும், வேரும் தண்டும் சேரும் கழுத்துப்பகுதியும் அழுகுவது அப்போதுதான்.

சோதனை எளிது. 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு குழி தோண்டி நீர் நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். உடனே மறுபடி நிரப்பி அளவெடுங்கள். மணிக்கு 2.5 முதல் 5 செ.மீ. வரை நீர் இறங்கினால் நல்ல இடம். அதைவிட மெதுவாக இறங்கினால், தரைமட்டத்துக்கு மேலே 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது காய்ந்ததும் இன்னும் இறுகிக் கட்டியாகிவிடும். களிமண்ணை இளக்குவது மட்கிய உரம்தான்.

3. செடித் தேர்வு: எது எப்போது பூக்கும் என்பதே முதல் கேள்வி

நிறம் பார்த்து வாங்கினால் எல்லாம் ஒரே வாரத்தில் பூத்து ஒரே வாரத்தில் முடிந்துவிடும். ஒரு பியோனிச் செடி பூத்து நிற்பது ஏழு முதல் பத்து நாட்கள். ஆனால் முன்பூப்பு, நடுப்பூப்பு, பின்பூப்பு ரகங்கள் தனித்தனியாக உண்டு. ‘கோரல் சார்ம்’ சீக்கிரம் பூக்கும், ‘ஃபெஸ்டிவா மாக்சிமா’ அடுத்து வரும், ‘சாரா பெர்ன்ஹார்ட்’ கடைசியில். மூன்றில் ஒவ்வொன்று வைத்தால் பியோனிக் காலமே ஒரு மாதத்துக்கு நீளும்.

ஐரிஸிலும் அப்படித்தான். இதழின் நடுவே மயிர்வரிசை கொண்ட பியர்டட் ஐரிஸில் குட்டை ரகங்கள் முதலில் பூக்கும், உயர ரகங்கள் கடைசியில். உயர ரகங்கள் பூத்துக்கொண்டிருக்கும்போதே சைபீரியன் ஐரிஸ் தொடங்கிவிடும். பாத்தியில் ஈரம் சற்று அதிகம் என்றால் பியர்டட் வகையை விட்டுவிட்டு சைபீரியன் வகைக்கே போங்கள். அதற்கு ஈரம் பிடிக்கும், நோயும் குறைவு. முதல் ஐரிஸ் எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது சைபீரியனைத்தான்.

பெரிய பூக்களை மட்டும் வைத்துத் தோட்டம் போட முடியாது. அவற்றின் இடைவெளியை நிரப்பவும், மேலே பூத்து நிற்கும் செடியின் வெறும் காலை மறைக்கவும் தாழ்வான செடிகள் வேண்டும். கேட்மின்ட், ஹார்டி ஜெரேனியம், அல்கெமில்லா, சால்வியா நெமரோசா ஆகிய நான்கும் இந்த வேலைக்கு நம்பகமானவை. முதல் முறை பாத்தி போடுபவர்கள் ஒரு பியோனிக்கு மூன்று தாழ்செடிகள் என்ற கணக்கில் வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. கேட்மின்ட்டில் ‘வாக்கர்ஸ் லோ’ ரகம் பெயரைப் போலத் தாழ்வானதல்ல, 60 முதல் 75 செ.மீ. வரை உயரும். அதற்கேற்ற இடம் கொடுங்கள்.

உயர்ந்து நிற்கும் பூத்தண்டுக்கு டெல்ஃபினியம், லூபின், ஃபாக்ஸ்குளோவ். இதில் ஃபாக்ஸ்குளோவின் வழக்கமான வகை ஈராண்டுச் செடி. முதல் வருடம் இலை, இரண்டாம் வருடம் பூ, அப்புறம் செடியே இருக்காது. லூபினும் டெல்ஃபினியமும் பல்லாண்டுச் செடிகள்தான், ஆனால் ஆயுள் குறைவு. சில வருடங்களுக்கு ஒருமுறை புது நாற்று தயாராக இருக்க வேண்டும். பியோனியோ பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் இருக்கும். குறுகிய ஆயுள் செடியையும் நீண்ட ஆயுள் செடியையும் நெருக்கமாக நட்டால், ஒன்றை மாற்றும் ஒவ்வொரு முறையும் மற்றதன் வேர் அறுபடும்.

ஓரியண்டல் பாப்பியை வாங்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பூ முடிந்ததும் ஜூலையில் அதன் இலைகள் மஞ்சளாகிக் காய்ந்து, பாத்தியில் பெரிய வெற்றிடம் விழும். அதன் முன்னால் எக்கினேசியா, ஆஸ்டர், ஜிப்சோஃபிலா போன்று பிற்பாடு விரியும் செடியை வைத்தால் அந்தக் குழி தெரியாது.

வாங்கும் முன் இன்னொரு சோதனையும் உண்டு. சில செடிகள் வேலியைத் தாண்டிப் போய்க் காட்டுச் செடிகளை அழிக்கும். பெரிய இலை லூபின் நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் தீங்கு செய்யும் அயல் செடியாகக் கருதப்படுகிறது. டேம்ஸ் ராக்கெட் என்றும் சொல்லப்படும் ஹெஸ்பெரிஸ் பூச்செடிக்கு வட அமெரிக்காவின் பல பகுதிகளில் அதே நிலை. உங்கள் பகுதியின் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டெல்ஃபினியம், ஃபாக்ஸ்குளோவ் செடிகளும் லூபின் விதையும் உள்ளே போனால் நஞ்சு. சின்னக் குழந்தைகளும் நாய் பூனைகளும் நடமாடும் பாதையோரத்தில் வேண்டாம்.

4. நடும் வரிசை: ஐரிஸ், பாப்பி, மற்றவை, கடைசியில் பியோனி

எல்லாவற்றையும் ஒரே வாரக்கடைசியில் நட்டு முடிக்க ஆசை வரும். ஆனால் ஒவ்வொரு வேரும் ஓய்வெடுக்கும் காலம் வேறு.

பியர்டட் ஐரிஸ் முதலில், ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் முடிவுக்குள். பூத்து ஓய்ந்த பிறகு அது புது வேர்களை விடும் காலம் அது. மண் உறைவதற்கு ஆறு வாரத்துக்கு முன்பாவது நட்டு முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேர் பிடிக்காத கிழங்கைப் பனி வெளியே தள்ளிவிடும்.

ஆகஸ்டில் பாப்பி. இலை காய்ந்து அது உறங்கும் சில வாரங்கள்தான் வேரைத் தொடலாம். ஆகஸ்ட் கடைசியில் புது இலைக்கொத்து வந்துவிட்டால் அந்த வருடம் விட்டுவிடுங்கள். தொட்டியில் வளர்ந்த பாப்பி நாற்றை வேர்மண் கலையாமல் வசந்தத்திலும் நடலாம்.

தொட்டியில் கிடைக்கும் கேட்மின்ட், ஜெரேனியம், சால்வியா, சைபீரியன் ஐரிஸ் போன்றவற்றை ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. லூபின், டெல்ஃபினியம் நாற்றுகளுக்கு மண்டலம் 3, 4 போன்ற இடங்களில் வசந்த நடவே பாதுகாப்பு.

பியோனி கடைசி. செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, மண் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போது. மெல்லிய உறிஞ்சு வேர்கள் இலையுதிர் காலத்தில்தான் வளர்கின்றன. வசந்தத்தில் வெறும் வேராக நட்ட பியோனி, வேர் விடும் முன்னரே தளிர் விட்டுச் சோர்ந்துபோகும்.

5. பாத்தி தயாரிப்பு

நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பாத்தியைக் கொத்திவிடுங்கள். புல்லையும் வேர்க்களைகளையும் முழுவதும் எடுத்த பிறகே உரம். பியோனியின் நடுவில் அறுகு மாதிரி ஓடும் களை புகுந்துவிட்டால், செடியையே தோண்டாமல் அதை எடுக்க முடியாது.

மட்கிய உரத்தை 5 முதல் 8 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, 25 முதல் 30 செ.மீ. ஆழம் வரை கலந்துவிடுங்கள். கார அமில நிலை 6.0 முதல் 7.0 வரை இருந்தால் இங்கே சொன்ன எல்லாமே வளரும். புது சாணத்தைப் போடாதீர்கள். அது வேரைச் சுடும், பூஞ்சாணத்தையும் வரவழைக்கும். பியர்டட் ஐரிஸ் வைக்கும் பகுதிக்கு உரம் பாதி போதும்.

பிறகு நன்றாக நீர்விட்டு மண்ணை அமர விடுங்கள். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொத்திய மண் வாரங்கள் போகப்போக இறங்கும். அதன் மேல் சரியான ஆழத்தில் நட்ட கிழங்கும் கூடவே இறங்கி, அடுத்த படியில் கவனமாகப் பார்த்த அளவு வீணாகிவிடும்.

6. ஆழம்: பூ வருமா வராதா என்பது இங்கேதான்

பல வருடம் பூக்காத பியோனிகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரியும். கண்கள் மிக ஆழத்தில் இருக்கும்.

பியோனி வாங்கும்போது வேர்த்துண்டில் மூன்று முதல் ஐந்து கண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் கூர்மையாக மேல்நோக்கி நிற்கும். அந்தக் கண்ணின் நுனிக்கு மேல் மண் 2.5 முதல் 5 செ.மீ. வரைதான். கடுங்குளிர் மண்டலத்தில் 5 செ.மீ., அதற்கு மேல் வேண்டாம். குழியின் குறுக்கே ஒரு குச்சியை வைத்து, குச்சிக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள், கண்ணளவு இதில் போதாது. பூ உருவாகக் கண்களுக்குக் குளிர் வேண்டும், ஆழம் கூடினால் அந்தக் குளிர் சரியாகப் போய்ச் சேராது, தளிரும் பலமிழந்து வெளியே வரும். செடிக்குச் செடி 90 செ.மீ. விடுங்கள். இரண்டு செடிக்கும் நடுவில் காற்று ஓடாவிட்டால் சாம்பல் பூஞ்சாணம் வரும்.

பியர்டட் ஐரிஸுக்கு இன்னும் மேலே. குழிக்குள் சின்ன மண்மேடு கட்டி, அதன் மேல் கிழங்கைப் படுக்கவைத்து, வேர்களை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு மூடுங்கள். நட்டு முடித்த பின் கிழங்கின் முதுகு வெயிலில் தெரிய வேண்டும். லேசான மணல் மண்ணில் மட்டும் மேலே ஒரு செ.மீ. மண் இருக்கலாம். கிழங்கு வெளியே தெரிவதைப் பார்த்துப் பயந்து மண்ணை அள்ளிப் போடுவது புதியவர்களிடம் மிகச் சாதாரணமாக நடப்பது. புதைந்த கிழங்கு பூக்காது, ஈரத்தில் அழுகவும் செய்யும். விசிறி இலைகளை 15 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட்டு நட்டால் காற்றில் ஆடிச் சாயாது.

சைபீரியன் ஐரிஸ் இதற்கு நேர்மாறு. அதன் கழுத்து 2.5 முதல் 5 செ.மீ. மண்ணுக்குள் இருக்க வேண்டும். பெயரில் ஐரிஸ் இருப்பதால் இரண்டையும் ஒரே மாதிரி நட்டுவிடாதீர்கள்.

பாப்பியின் உறங்கும் வேரை, கழுத்துக்கு மேல் 5 முதல் 8 செ.மீ. மண் இருக்கும்படி செங்குத்தாக இறக்குங்கள். லூபினுக்கும் ஆழமான ஆணிவேர். நாற்று சின்னதாக இருக்கும்போதே நிரந்தர இடத்தில் வைத்துவிட்டால் நல்லது, பிறகு இடம் மாற்றினால் பெரும்பாலும் பிழைக்காது. தொட்டிச் செடிகள் எல்லாம் தொட்டியில் இருந்த மட்டத்திலேயே. டெல்ஃபினியத்தின் கழுத்து மட்டும் ஒரு நூல் மேலே இருந்தாலும் பரவாயில்லை, கீழே போகக் கூடாது.

நட்டதும் நன்றாக நீர் விடுங்கள். மண் உறையும் வரை, மழை இல்லாத வாரங்களில் வாரத்துக்கு 2.5 செ.மீ. அளவு நீர். ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் பெயர்க்குச்சி கட்டாயம். நீலப் பூத்தண்டு விடும் பாப்டீசியா போன்ற செடிகள் வசந்தத்தில் மிகத் தாமதமாக முளைக்கும். குச்சி இல்லாத பாத்தியில் அவற்றின் தலையிலேயே மண்வெட்டி விழும்.

7. குளிர்கால மூடாக்கு: மண் உறைந்த பிறகு மட்டும்

மூடாக்கு செடிக்குச் சூடு தருவதற்காக அல்ல. மண்ணை ஒரே சீராக உறைநிலையில் வைத்திருப்பதுதான் அதன் வேலை. பகலில் இளகி இரவில் உறையும் மண் விரிந்து சுருங்கி, புதிதாக நட்ட செடியை வேரோடு மேலே தள்ளும். அப்படி வெளியே வந்த வேர் காற்றில் காய்ந்து செத்துவிடும்.

அதனால் முதல் குளிருக்கே அவசரப்பட்டுப் போர்த்த வேண்டாம். மேல்மண் நாலைந்து செ.மீ. உறைந்து, தட்டினால் கல் மாதிரி இருக்கும்போது, வைக்கோல் அல்லது பைன் கிளைகளை 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். அதற்குள் எலிகளும் கூடு கட்ட வேறு இடம் பார்த்திருக்கும். முழு மேப்பிள் இலைகளை அப்படியே கொட்டினால் நனைந்து தட்டையாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும், நறுக்கிப் போடுங்கள்.

பியோனிக்கு முதல் குளிர்காலத்தில் மட்டும் போதும். ஐரிஸ் கிழங்கின் மேல் வைக்கோல் வேண்டாம், புதிதாக நட்டது என்றால் காற்றோட்டமான பைன் கிளை ஒன்றிரண்டு. பாப்பியின் பச்சை இலைக்கொத்து குளிர்காலம் முழுவதும் அப்படியே இருக்கும். அதை வெட்டாதீர்கள், அழுத்தி மூடவும் செய்யாதீர்கள்.

பனி விழுந்தால் அது பாத்திக்கு மிக நல்ல போர்வை. ஆனால் உப்புத் தூவிய நடைபாதைப் பனியை அள்ளிப் பாத்தியில் கொட்டினால் வசந்தத்தில் வேருக்கு உப்புநீர்தான் போகும்.

8. வசந்தம்: விலக்கு, உரமிடு, முட்டுக்கொடு

மண் இளகத் தொடங்கியதும் மூடாக்கை ஒரேயடியாக எடுக்காமல், இரண்டு மூன்று தடவையாக விலக்குங்கள். பியோனியின் சிவந்த தளிர்கள் உடையக்கூடியவை, பாத்திக்குள் வாருகோல் வேண்டாம், கையால் எடுங்கள். ஐரிஸின் பழைய காய்ந்த இலைகள் மிச்சமிருந்தால் புது இலை வருவதற்குள் எடுத்து அப்புறப்படுத்துங்கள். வட அமெரிக்காவில் ஐரிஸ் துளைப்பானின் முட்டைகள் அந்தப் பழைய இலைகளில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. முட்டையிலிருந்து வரும் புழு இலை வழியாகக் கிழங்குக்குள் இறங்கும், அதன் பின்னாலேயே துர்நாற்றமடிக்கும் அழுகல் வரும்.

தளிர்கள் ஒரு சாண் உயரம் வந்ததும் உரம். தழைச்சத்து குறைந்த 5-10-10 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு) போன்ற கலவையைச் செடியின் கழுத்தில் படாமல் சுற்றிலும் தூவி நீர்விடுங்கள். புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரம் பாத்திக்குள் தெறித்தால் இலை கொழிக்கும், பூ குறையும். டெல்ஃபினியம் மட்டும் அதிகம் கேட்கும் செடி, அதற்கு மட்கிய உரம் கூடுதலாக ஒரு கை. லூபினுக்கு உரமே வேண்டாம், அதன் வேர் முடிச்சுகளே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். உரம் எதுவானாலும் பியோனியின் தலையில் வருடந்தோறும் கொட்டாதீர்கள். நாலைந்து வருடத்தில் கண்கள் தானாகவே ஆழத்துக்குப் போய்விடும்.

முட்டுக்கொடுக்கும் வேலை இப்போதே முடிய வேண்டும். பியோனித் தளிர் 20 முதல் 30 செ.மீ. இருக்கும்போது கம்பி வளையத்தை வைத்துவிட்டால் இலைகள் அதன் ஊடே வளர்ந்து வளையத்தையே மறைத்துவிடும். அடுக்கிதழ் பூ மழையில் நனைந்து கனத்துச் சாய்ந்த பிறகு கட்டினால், கட்டுவது துடைப்பம் மாதிரி இருக்கும், தண்டும் ஒடியும். ஒற்றை இதழ் ரகங்களுக்கு வளையம் தேவைப்படுவதில்லை. டெல்ஃபினியத்தின் தண்டு உள்ளே வெற்றிடமானது, ஒவ்வொரு தண்டுக்கும் தனிக் குச்சி நட்டு எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள்.

மொட்டு வந்த பிறகு இரவில் உறைபனி எச்சரிக்கை வந்தால், மாலையில் பழைய துணியால் மூடிக் காலையில் எடுத்துவிடுங்கள். இலையில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் குளிரைத் தடுக்காது.

மே கடைசியில் செடிகளைப் பாதியாகக் கத்தரித்தால் அடர்த்தியாக வளரும் என்று ஒரு முறை உண்டு. அது கோடைக் கடைசியில் பூக்கும் செடிகளுக்கு. முன்கோடைச் செடிகளை அப்போது வெட்டினால் மொட்டோடு போய்விடும்.

9. பூக்கும் வாரங்கள்

பியோனி மொட்டில் எறும்புகள் மொய்க்கும். மொட்டின் வெளிப்புறத்தில் சுரக்கும் இனிப்புக்காக வருகின்றன, பூவுக்குக் கெடுதி எதுவும் இல்லை. மருந்தடிக்காதீர்கள். எறும்பு இல்லாமலும் மொட்டு விரியும்.

பெரிய மொட்டின் பக்கத்தில் வரும் சின்ன மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் நடுப்பூ பெரிதாகும். விட்டுவைத்தால் பூக்காலம் சில நாள் நீளும். தோட்டத்தில் பார்ப்பதற்காக வளர்ப்பவர்கள் விட்டுவைப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ஜாடிக்குப் பறிப்பதென்றால், நிறம் தெரிந்து, விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும் மொட்டாகப் பாருங்கள். தண்டை அடி வரை வெட்டாமல் இரண்டு மூன்று இலைகளைச் செடியிலேயே விடுங்கள். முதல் இரண்டு வருடம் பறிக்கவே வேண்டாம். வேருக்கு உணவு அந்த இலைகளிலிருந்துதான் போகிறது.

லூபினில் அசுவினி வந்தால் முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள். காலம்பைன் இலையில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது இலைத்துளைப்பான், செடி சாகாது, அசிங்கமான இலையைக் கிள்ளிப் போட்டால் போதும்.

10. பூ முடிந்ததும்: எதை வெட்டுவது, எதை விடுவது

இங்கே இரண்டு கூட்டம் உண்டு. வேரில் உணவு சேர்த்து அடுத்த வருடம் பூப்பவை ஒன்று, வெட்டியதும் மறுபடி துளிர்ப்பவை இன்னொன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் ஜூலையில் எல்லாவற்றையும் தரையோடு வெட்டிச் சுத்தம் செய்யும் தோட்டங்களில்தான் அடுத்த வருடம் பியோனி பூப்பதில்லை.

பியோனி, ஐரிஸ், பாப்டீசியா மூன்றிலும் வாடிய பூவை மட்டும் எடுங்கள். ஐரிஸில் பூத்தண்டை அடியோடு வெட்டலாம், இலையைத் தொடக் கூடாது. பியோனி இலை இலையுதிர் காலத்தில் தானாகக் கருகும் வரை நிற்க வேண்டும். கருகியதும் தரையோடு வெட்டிக் குப்பையில் போடுங்கள், மட்கு உரக் குழியில் போட்டால் பூஞ்சாண வித்துகள் அங்கேயே தங்கும்.

கேட்மின்ட்டைப் பாதியாக வெட்டினால் சில வாரத்தில் மறுபடி பூக்கும். சால்வியாவில் பூத்தண்டுகளை அடியிலைக்கொத்து வரை இறக்குங்கள். படர்ந்து கலைந்துபோன ஜெரேனியத்தைத் தரைக்கு அருகில் வெட்டி நீர்விட்டால் புது இலை மெத்தை வரும். அல்கெமில்லாவின் பூ பழுப்பாகும் முன் வெட்டாவிட்டால் பாத்தியெங்கும் அதன் நாற்றுதான். டெல்ஃபினியத்தில் முதலில் பூத்த தண்டின் நுனியை மட்டும் எடுங்கள், அடியில் புதுத் தளிர் தெரிந்ததும் பழைய தண்டை முழுவதும் வெட்டுங்கள். குளிர் சீக்கிரம் வராத வருடங்களில் இரண்டாம் பூவும் கிடைக்கும்.

ஃபாக்ஸ்குளோவ், காலம்பைன், லூபின் இவற்றில் ஓரிரு தண்டுகளை விதைக்காக விடுங்கள். ஆயுள் குறைந்த செடிகள் தோட்டத்தில் தொடர்வது அந்த விதை நாற்றுகளால்தான். உங்கள் பகுதியின் தீங்குச் செடிப் பட்டியலில் லூபின் இருந்தால் விதை முற்றும் முன் எல்லாத் தண்டையும் வெட்டிவிடுங்கள்.

ஜூலையில் மஞ்சளாகும் பாப்பியைச் செத்துவிட்டது என்று தோண்டி எறிய வேண்டாம். காய்ந்த இலையை எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். பியர்டட் ஐரிஸ் மூன்று நான்கு வருடமாக ஒரே இடத்தில் இருந்தால், பூ முடிந்து ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் தோண்டிப் பிரிக்கும் வேளை இதுதான். நடுவில் இருக்கும் பழைய, இலையற்ற கிழங்குகளை எறிந்துவிட்டு, ஓரத்தில் உள்ள இளசுகளை மட்டும் திரும்ப நடுங்கள்.

11. அப்படியும் பூக்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் வயது. பியோனி நட்ட இரண்டாம் அல்லது மூன்றாம் வருடத்தில்தான் ஒழுங்காகப் பூக்கும். லூபினோ டெல்ஃபினியமோ பல வருடம் நன்றாகப் பூத்துவிட்டு இளைத்துப்போனால் அதன் காலம் முடிந்தது என்று புது நாற்று வையுங்கள்.

அடுத்தது நிழல். நடும்போது சின்னதாக இருந்த பக்கத்து மரம் இப்போது வளர்ந்திருக்கலாம். அப்புறம் நெருக்கம். ஐரிஸ் கிழங்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் பிரிக்க வேண்டும். சைபீரியன் ஐரிஸின் நடுப்பகுதி காலியாகி வளையம் மாதிரி நின்றால் அதற்கும் அதே மருந்துதான்.

பியோனியில் மொட்டு வருகிறதா, வருவதே இல்லையா என்று பிரித்துப் பாருங்கள். பட்டாணி அளவில் வந்து கருத்துப்போனால் சாம்பல் பூஞ்சாணமோ பின்தங்கி வந்த உறைபனியோ காரணம். கருத்த மொட்டை வெட்டி அப்புறப்படுத்துங்கள், இலையுதிர் காலத்துச் சுத்தத்தை விடாமல் செய்யுங்கள். மொட்டே வரவில்லை, இலை மட்டும் செழிப்பு என்றால் தண்டின் அடியில் விரலால் மண்ணை விலக்கிக் கண்ணைத் தேடுங்கள். 5 செ.மீ.க்கு மேல் இறங்கித்தான் கண் தென்படுகிறது என்றால், மேலே சேர்ந்திருப்பது வருடா வருடம் போட்ட உரமும் மூடாக்கும்தானா என்று பாருங்கள். அப்படியானால் அதை மட்டும் வழித்தெடுத்தால் போதும். கிழங்கே ஆழத்தில் இருந்தால் செப்டம்பர் வரை பொறுத்து, அகலமாகத் தோண்டித் தூக்கி, மூன்று முதல் ஐந்து கண்கள் உள்ள துண்டுகளாகப் பிரித்து, குச்சியால் அளந்து மேலே நடுங்கள். அடுத்த ஜூனில் பூவை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கடுத்த ஜூனிலோ அதற்கும் அடுத்ததிலோ வரும்.